பாதிக் கருப்பையும் முழுத் தெருவும்

எனக்குக் கருப்பை பாதிதான் இருக்கிறது. பிறக்கும்போதே அப்படி. பெண் சிசுவுக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே இரண்டு குழாய்கள் நடுவில் வந்து சேர்ந்து ஒரு பையாகின்றன. எனக்கு ஒரு பக்கத்துக் குழாய் வளர்ந்தது, இன்னொன்று வளரவில்லை. திருச்சியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு பேரிக்காயை வரைந்து, "இது எல்லாருக்கும்" என்றார். பக்கத்தில் ஒரு வாழைப்பழத்தை வரைந்து, "இது உங்களுக்கு" என்றார். பிறகு சிறுநீரகத்தையும் பார்த்துவிடலாம் என்று இடுப்பின் இடது பக்கம் கருவியை நகர்த்தித் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு குறைகளும் சேர்ந்தே வருவதுண்டாம். முப்பத்தோரு வயதில், ஒரே முற்பகலில், அரைக் கருப்பையும் ஒற்றைச் சிறுநீரகமும் உள்ளவள் நான் என்று தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் ஒரு நாளிதழின் பெரம்பலூர் அலுவலகத்தில் மாவட்டச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். பிரசவத்தில் இறந்த பெண்களைப் பற்றி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். வயது, ஊர், கணவரின் தொழில், உறவினர்கள் சாலை மறியல், போலீசார் பேச்சுவார்த்தை. ஆறேழு வரி. அந்தப் பெண்ணின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கரு தங்குமா, மேடம்?"

"ரெண்டு தடவ தங்கியிருக்கே."

"அப்ப ஏன் போச்சு?"

"முதல் தடவைக்குக் காரணம் சொல்ல முடியாது. யாருக்கு வேணாலும் அப்படி ஆகலாம். ரெண்டாவது தடவ எடம் பத்தல, கர்ப்பப்பை வாய் சீக்கிரம் தெறந்துடுச்சு. அப்படித்தான் தெரியுது."

"அடுத்த தடவ நிக்குமா?"

அவர் பேனாவை மூடினார். "நிக்கலாம். சீக்கிரம் பொறக்கலாம். தலை மேல, கால் கீழன்னு இருக்கலாம். நான் வாக்குக் குடுக்க மாட்டேன். முடியாதுன்னும் சொல்ல மாட்டேன்."

அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இதற்கு முன் பார்த்த வேறொரு டாக்டர், வாடகைத்தாய் பற்றி யோசியுங்கள் என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவைத்தவர். அவர் சொன்னதையும் எழுதித்தான் வைத்திருந்தேன். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது, ஒருவர் என் உடம்பைப் பார்த்துப் பேசியிருக்கிறார், மற்றவர் கடிகாரத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார் என்று தெரிந்தது.

என் கணவர் ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறார். அரியலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் டாக்டர் வரைந்த படத்தை வாங்கிப் பார்த்தார். கல்லக்குடி தாண்டும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம், "பாதி லோடு ஏத்துன வண்டிதான் மேடு நல்லா ஏறும்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது. நான் சிரித்தேன்.

மாமியார் சிரிக்கவில்லை. விக்கிரமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பாதிப் பையில முழுப் புள்ள எப்புடிம்மா நிக்கும்?"

"விரியும் அத்தை."

"சரி. விரியட்டும். இத யார்கிட்டயும் சொல்லிடாத. ஒங்க அம்மாவூட்டுலகூட."

மாமியாரைக் குறை சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டாவது கரு ஐந்தாம் மாதம் வரை இருந்தது. எங்கள் பக்கம் ஐந்தாம் மாதத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் கட்டிக்கொண்டு வந்து, மணையில் உட்கார வைத்து ஊட்டிவிடுவார்கள். கட்டுச்சோறு என்று பெயர். அன்றுதான் தெருவுக்கு அதிகாரப்பூர்வமாகத் தெரியும். எனக்கும் நடந்தது. கல்லங்குறிச்சியிலிருந்து என் அம்மா ஏழு தூக்கில் சோறு கொண்டுவந்தார். தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள், ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் கரு கலைந்தது. வலிகூட இல்லை. இடுப்பில் ஒரு கனம், பிறகு ஈரம். அவ்வளவுதான்.

மாமியாருக்கு இந்தப் பன்னிரண்டு நாள்தான் சான்று. எல்லாரும் பார்த்தார்கள், கண் பட்டது, போய்விட்டது. ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்ததால் அதனாலேயே நடந்தது என்று எழுதக் கூடாது என்பது நான் வேலையில் சேர்ந்த முதல் மாதம் கற்றுக்கொண்ட பாடம். இருந்தும் மூன்றாவது முறை உண்டானபோது மாமியார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவ யாருக்கும் தெரிய வேணாம், எனக்காக" என்றபோது சரி என்றேன். கையில் இருக்கும் செய்தியை அமுக்கிவைக்க நான் ஒப்புக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

மறைப்பதற்கு மாமியார் ஒரு முறை வைத்திருந்தார். நான் குழாயடிக்குப் போகக் கூடாது. குடத்தை அவரே தூக்கினார். வாந்தி வந்தால் கொல்லையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நைட்டிக்கு மேல் எப்போதும் துண்டு. பரிசோதனைக்குப் பெரம்பலூர் போகும் நாளில், வேலைக்குப் போவதுபோல் சாப்பாட்டுப் பையோடு புறப்பட வேண்டும். அலுவலகத்தில் மட்டும் முதல் வாரமே சொல்லிவிட்டேன். அதற்கு மாமியார் மறுப்புச் சொல்லவில்லை. பெரம்பலூர் வேறு மாவட்டம். கண்ணேறு மாவட்ட எல்லையைத் தாண்டி வராது என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மீறினேன். கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய கிராம நர்ஸ் வீடு வீடாக வருவார். எங்கள் வாசலில் நின்று, "உங்க வூட்டுல யாராச்சும் உண்டா?" என்று கேட்டார். "இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்றார் மாமியார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் பத்து வார வயிற்றோடு நின்றிருந்தேன். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் நர்ஸைப் பிடித்துப் பதிவு செய்துகொண்டேன். திருச்சி அறிக்கையைப் படித்துவிட்டு அட்டையின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். கூடுதல் கவனம் வேண்டியவள் என்று அர்த்தம்.

"நேத்து உங்க மாமியா ஏன் இல்லன்னாங்க?"

"பயம்."

"எனக்கும்தான் பயம். அதுக்காக எழுதாம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு என் கைபேசி எண்ணை இரண்டு இடத்தில் எழுதிக்கொண்டார்.

பதினான்காவது வாரம் பெரம்பலூரில், என்னைத் தொடர்ந்து பார்த்துவந்த டாக்டரம்மா கருப்பை வாயில் ஒரு தையல் போட்டார். சுருக்குப் பையின் வாயை இழுத்துக் கட்டுவது போல என்று விளக்கினார். அந்த டாக்டரின் காத்திருப்புக் கூடத்தில்தான் லப்பைக்குடிக்காட்டுப் பெண்ணைச் சந்தித்தேன். என்னைவிட நாலைந்து வயது சிறியவள். கணவர் துபாயில். அவளுக்கு என் பிரச்சினைக்கு நேர் எதிர்ப் பிரச்சினை: குழாய்கள் இரண்டும் வளர்ந்து, ஆனால் சேராமலே நின்று, கருப்பை இரண்டாக இருந்தது.

"மூத்தவன் எடது பக்கம் இருந்தான்க்கா. இது வலது பக்கம். ரெண்டும் ஒரு ரூமுல இருந்ததே இல்ல. பொறந்தப்புறம் என்னா சண்ட போடப் போவுதுவளோ."

என்னுடையதைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள்.

"எனக்கு ரெண்டு. ஒனக்குப் பாதி. கூட்டி வகுத்தா ஆளுக்கு ஒண்ணேகால். அல்லா கணக்குல தப்பு இல்லக்கா, பட்டுவாடாதான் கொஞ்சம் மாறிப்போச்சு."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். தையல் போட்ட இடம் இழுத்தது. அவள் இதையெல்லாம் யாருக்கும் மறைக்கவில்லை. "மாமிகிட்ட சொன்னேன். அவங்க தெரு பூராம் சொல்லிட்டாங்க. இப்ப தெருவே எனக்கு துவா கேக்குது. நல்லதுதானே?" என்றாள்.

ஐந்தாம் மாதம் வந்தது. கட்டுச்சோறு வேண்டும் என்று நானே கேட்டேன். சாப்பாட்டு ஆசையில் கேட்கவில்லை. போன தடவை போனதற்குச் சோறு காரணமில்லை என்றால், இந்தத் தடவை சோற்றை நிறுத்துவதற்கும் காரணமில்லை. மாமியார் முடியாது என்றார். என் அம்மாவும் முடியாது என்றார். அவருக்கு நானேதான் போனில் சொல்லியிருந்தேன். இரண்டு சம்பந்திகளும் ஒரே கட்சியில் நின்றது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை. கணவர், "சும்மா இரு, எல்லாம் நல்லபடியா முடியட்டும், அப்பறம் அண்டா நெறய செய்வோம்" என்றார்.

"அப்பறம் செய்யறதுக்குப் பேரு கட்டுச்சோறு இல்லங்க, சாப்பாடு" என்றேன்.

இந்தத் தகராறை லப்பைக்குடிக்காட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "சோறு ஊட்டறதுக்கு என்னாத்துக்குப் பயப்படறாங்க?" என்றாள். அடுத்த பரிசோதனை நாளில் அவள் மடியில் ஒரு பெரிய டப்பா இருந்தது. நெய்ச்சோறு, தாளிச்சா, ஓரத்தில் கொஞ்சம் மாங்காய் ஊறுகாய். கூடத்தில் எல்லார் முன்னாலும் உருட்டி என் வாயில் வைத்தாள். பக்கத்தில் இருந்த வேப்பந்தட்டைக்காரப் பெண் ஒருத்தி என்ன விசேஷம் என்று கேட்டு, தெரிந்ததும் தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள். ரத்தம் எடுக்கும் பெண் வெளியே வந்து, "இங்க சாப்புடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தானும் ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களை எண்ணினேன். பதினான்கு பேர்.

அன்றிலிருந்து நானும் நாள் எண்ணினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படித்த படிப்பும் பார்த்த வேலையும் பன்னிரண்டாம் நாள் காலை எனக்கு உதவவில்லை. கட்டிலை விட்டு இறங்காமல் கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பதிமூன்றாம் நாள் காலை, காபி குடிக்கும்போது, வயிற்றின் வலது பக்கம் குழந்தை ஒரு உதை விட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த நாள், எத்தனை பேர், யார் யார் ஊட்டினார்கள், இன்று எத்தனையாவது நாள்.

முழுவதையும் கேட்டார். "பெரம்பலூருல சாப்புட்டது வேற" என்றார். "அவங்கள்லாம் ஒனக்கு யாரு? முன்ன பின்ன தெரியாதவங்க கண்ணு என்னா பண்ணும்? பங்காளி கண்ணு, பக்கத்து வூட்டுக் கண்ணு, அதான் படும்."

இதற்கு மேல் எந்த ஆதாரத்தையும் கொண்டுவர முடியாது என்று தெரிந்தது. மறைத்தல் தொடர்ந்தது.

முப்பத்தோராவது வாரம். டாக்டர் சொல்லி வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். முற்பகல் பத்தரை மணி இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்தபோது அடிவயிறு கல்லாக இறுகியது. கைபேசியில் நேரம் பார்த்தேன். எட்டு நிமிடத்தில் மறுபடி. அடுத்தது ஏழு. தையல் இருக்கும் இடத்தில் கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. தையல் இருக்கும்போது வலி வந்தால் வீட்டில் இருக்கவே கூடாது, வாய் கிழிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியாரைக் கூப்பிட்டேன்.

அவர் முதலில் என் கணவருக்குப் போன் போட்டார். சுரங்கத்துக்குள் வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது, எடுக்கவில்லை. ஆம்புலன்சுக்கு நான் போட்டேன். பக்கத்தில் இருந்த வண்டி வேறு கேஸுக்குப் போயிருந்தது, அடுத்தது வர அரை மணிக்கு மேல் ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் வாடகைக் கார் ஓட்டுபவர். கார் வாசலில்தான் நின்றது; எங்கள் ஜன்னலிலிருந்து அதன் பின்பக்கக் கண்ணாடி தெரிந்தது.

மாமியார் வாசல் வரைக்கும் போனார். நிலைப்படியில் கை வைத்து நின்றார். ஒரு காலை வெளியே வைத்து உள்ளே எடுத்தார். "அவனுக்கு இன்னொரு தடவ போட்டுப் பாக்கட்டா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். ஏழு மாதம் கட்டிக் காத்ததை ஒரு சத்தத்தில் உடைக்க அவருக்கு வாய் வரவில்லை. குழந்தை போய்விடுமோ என்கிற பயமும் கூப்பிட்டால் குழந்தை போய்விடுமோ என்கிற பயமும் ஒரே அளவில் இருந்தன.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். துண்டை எடுத்துக் கட்டிலில் போட்டேன். மாமியாரைத் தாண்டி வாசலுக்கு வந்து, தெரு நடுவில் நின்று, முடிந்த மட்டும் சத்தமாகக் கத்தினேன்.

"அக்கா! எனக்கு ஏழு மாசம்! வலி வந்துடுச்சு!"

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "தெரியும்டி! செருப்ப மாட்டிக்கிட்டு வா!"

நான் அப்படியே நின்றேன். அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. பழைய வேட்டித் துண்டுகள், ஒரு பிளாஸ்க், போர்வை. அவர் கணவர் லுங்கியோடு வந்து காரைத் திறந்தார். எதிர் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கொட்டைப் பால் ஒட்டிய கைகளைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து என் இரு பக்கமும் பிடித்தார்கள். யாரும் எத்தனை மாதம் என்று கேட்கவில்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை.

ரோட்டில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். கார் அதன் மேலேயே ஏறிப் போனது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. என் தலை அக்காவின் மடியில் இருந்தது. முன் இருக்கையிலிருந்து மாமியார் திரும்பினார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாம் மாசமே தெரியும் பெரிம்மா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அவ கையில கொடத்தக் குடுக்கறத நீ நிறுத்துன. பத்து வருசமா மூட்டு வலின்னு ஒக்காந்திருந்த பொம்பள திடீர்னு ரெண்டு கொடம் தூக்குனா எங்களுக்குத் தெரியாதா? காலையில உங்க கொல்லக் கொழாய் வேற சும்மா ஊத்திக்கிட்டே கெடக்கு."

மாமியாருக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கல?"

"நீதான் மறைக்கறியே. கேட்டா ஒனக்குச் சங்கடம். அதுவுமில்லாம…" அக்கா என் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "போன தடவ நாங்கள்லாம் வந்து பாத்துதானே அப்புடி ஆச்சு. அதான் இந்தத் தடவ அவ வந்தா நாங்க எல்லாம் வேற பக்கம் பாத்துக்குவோம். இவரகூட மூணு வாரமா வெளியூர் ட்ரிப் போவ வேணாம்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

"அப்ப தெருவுக்கே தெரியுமா?"

"தெருக்கோடி டீக்கடைக்குத் தெரியும்."

வலி நடுவில் விட்ட நேரத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். நாங்கள் ஏழு மாதம் தெருவிடமிருந்து மறைத்தோம். தெரு நாலு மாதம் எங்களிடமிருந்து மறைத்தது. நான் கடந்து போகும்போது குனிந்து கோலப் புள்ளியைச் சரிசெய்த பெண்கள், போனை எடுத்துக் காதில் வைத்த பெண்கள், எல்லாரையும் அன்பில்லாதவர்கள் என்று நினைத்திருந்தேன். சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்டிருந்தால் எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். கேள்வி கேட்டே பிழைப்பு நடத்தும் நானும் யாரையும் நிறுத்திக் கேட்கவில்லை. ஒரு தெரு முழுக்க அன்பு இருந்தது. ஒருவரும் அதை வாசலுக்கு எடுத்துவரவில்லை.

அரியலூர் அரசு மருத்துவமனையில் சிவப்பு ஸ்டிக்கர் அட்டையைப் பார்த்ததும் நேராக உள்ளே கொண்டுபோனார்கள். வலியை நிறுத்த மருந்து ஏற்றினார்கள். குழந்தையின் நுரையீரல் பலப்பட எனக்கு ஊசி போட்டார்கள். அது வேலை செய்ய இரண்டு நாளாவது வேண்டும், அதுவரை குழந்தை உள்ளே இருந்தால் போதும் என்றார்கள். இருந்தது. கணவர் அன்று இரவே வந்துவிட்டார். மூன்றாம் நாள் காலை பனிக்குடம் உடைந்தது. குழந்தை தலை மேலும் கால் கீழுமாக இருந்ததால் அறுவை சிகிச்சை. தையலையும் அப்போதே எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள்.

சம்மதப் படிவம் வந்தது. அத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல். பணியில் இருந்த இளம் டாக்டர் தாழ்ந்த குரலில்தான் பேசினார். "உங்க கண்டிஷனுக்கு இது போதும்மா. ஒரு கிட்னி வேற. இப்பவே சேர்த்து முடிச்சிடலாம். வீட்டுலயும் சரின்னுட்டாங்க."

மாமியார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். "போதும்மா. ஒன்ன இப்புடி இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. கட் பண்ணிடச் சொல்லு" என்றார்.

அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அதனால்தான் அந்தத் தாளை முழுதாகப் படித்துவிட்டுப் பேசினேன்.

"டாக்டர், இன்னொன்னு சுமந்தா எனக்கு என்ன ஆபத்துன்னு எழுத்துல குடுங்க. வீட்டுல வச்சுப் படிச்சுட்டு நானே வந்து சொல்றேன். இன்னிக்கு இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏம்மா, உங்க நல்லதுக்குத்தானே…"

"இது பாதிதான் இருக்கு. ஆனா முழுசும் என்னோடது."

முதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது தாளில் 'சம்மதம் இல்லை' என்று எழுதி அதன் கீழும் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கிக்கொண்டு, சரி என்பதுபோல் தலையசைத்தார். பிற்பாடு அவரே நான் கேட்ட விவரங்களை ஒன்றரைப் பக்கம் கைப்பட எழுதிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெண் குழந்தை. ஒரு கிலோ அறுநூற்று இருபது கிராம். பூனைக்குட்டி அழுவது போல அழுதது. உடனே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த இருபத்தாறு நாட்கள் கண்ணாடிப் பெட்டியும், குழாயில் பாலும், பிறகு நெஞ்சோடு தோலில் தோல் படக் கட்டிக்கொள்வதும். நான் ஓய்ந்த நேரத்தில் வீட்டில் வேறு பெண் யாராவது கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். மாமியார் ஜாக்கெட்டுக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு நாற்காலியில் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் குனிந்து அதனிடம், "பாதிப் பையில இருந்துட்டு வந்த திமிரப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டதை அவர் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது எடை ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராமைத் தாண்டியிருந்தது. டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். சூடு குறையாமல் சுற்றி வைக்க வேண்டும். கை கழுவாமல் யாரும் தொடக் கூடாது. முத்தம் கூடாது. சளி இருப்பவர்கள் கிட்டே வரக் கூடாது. "பாக்கலாமா?" என்று கேட்டேன். "பாக்கலாமே, பாக்கறதுக்கு என்ன?" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அக்காவின் கணவர்தான் காரோடு வந்தார். என் கணவர் முன்னால் உட்கார்ந்தார். விக்கிரமங்கலம் நெருங்கியதும் மாமியார் தன் முந்தானையைக் குழந்தையின் முகத்தின் மேல் இழுத்துப் போட்டார். "தம்பி, காரக் கொல்லப் பக்கமா வுடு. அந்தப் பக்கமா எறங்கிக்கறோம்."

"வேணாம் அண்ணே" என்றேன். "தெரு மொனையில நிறுத்துங்க. நான் நடந்து வரேன்."

"வயித்துல தையல் காயல, நடக்கறாளாம்" என்றார் மாமியார். கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவராகவே இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

முந்தானையை விலக்கினேன். பிற்பகல் நாலரை மணி, வெயில் சாய்ந்திருந்தது, காற்று இல்லை. தெரு முனையிலிருந்து எங்கள் வீடு பதினோரு வாசல். முதல் வாசலில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்த வேறொரு பெண் என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். நான் நின்றேன்.

"இந்தப் பக்கம் திரும்புக்கா. தொடாம பாரு. நல்லாப் பாரு."

அவள் என் மாமியாரைப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தில் விழுந்திருந்த போர்வை நுனியை மாமியார் விரலால் ஒதுக்கிவிட்டார். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். மற்ற வாசல்களிலிருந்தும் ஒவ்வொருவராக வந்து, அவளைப் போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்றார்கள்.